நைட்ரேட்டுக்குக் கட்சி கிடையாது

1

தொழில்நுட்பம் என்றதும் நம்மிடையே இரண்டு மனோபாவங்கள் எழுந்து நிற்கின்றன. ஒன்று, அரசாங்கப் பொறியாளர் வரைபடத்தை விரித்துவிட்டால் வாயை மூடிக்கொள்வது. மற்றது, அவர் விரித்தார் என்பதற்காகவே அதைச் சந்தேகிப்பது. முதலாவதைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதியாகிவிட்டது. அறிவும் அதிகாரமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று ஃபூக்கோவை வைத்துப் பேசிப் பேசி நமக்கும் பழகிவிட்டது. இரண்டாவதைப் பற்றி நாம் அவ்வளவாக யோசித்ததில்லை. அது நம்முடைய சொந்த மனோபாவம் என்பது காரணமாக இருக்கலாம். இக்கட்டுரை அந்த இரண்டாவதைப் பற்றியது.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது கழிவுநீர். துல்லியமாகச் சொன்னால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடலோரம், சுமார் 14,000 பேர் வாழும் லாஸ் ஓசோஸ் என்ற ஊரின் கழிவுநீர். அங்கே செப்டிக் டேங்குகளை நிறுத்தியாக வேண்டும் என்று 1983இல் உத்தரவானது. அவற்றுக்குப் பதிலாக வந்த சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது 2016இல். இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஊரார் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களைத் திருப்பி அழைத்தார்கள். ஊர் நிர்வாகம் திவாலானது. அரசு வாரியம் தனித்தனி வீட்டுக்காரர்கள் மீது உத்தரவு போட்டது.

பணக்கார நாட்டின் சிற்றூர்ச் சண்டை நமக்கெதற்கு என்று ஒருவர் கேட்கலாம். மக்கள் எதிர்ப்பு என்று நாம் மதிக்கும் ஒன்றின் நல்ல குணங்களும் சிக்கல்களும் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன என்பதுதான் என் பதில். நான் பொறியாளன் இல்லை. ஆயினும் கொஞ்சம் வேதியியல் இல்லாமல் இந்த அரசியலைப் பேச முடியாது என்பதே இந்த ஆவணங்களுக்குள் போனபோது எனக்குப் புரிந்த முதல் விஷயம். வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

லாஸ் ஓசோஸ் என்றால் ஸ்பானிய மொழியில் கரடிகள். 1769இல் போர்த்தோலாவின் படை இவ்வழியே வந்தபோது பள்ளத்தாக்கில் கண்ட கரடிகளை வைத்து இட்ட பெயர். அதற்கு முன்பும் அது சூமாஷ் பழங்குடிகளின் நிலம். ஊரின் ஒரு பக்கம் மாரோ விரிகுடாவின் கழிமுகம். மண் என்று பார்த்தால் பெரும்பாலும் மணல், பழைய மணற்குன்றுகள். மனை வியாபாரிகள் இதைக் குறுகலான துண்டுகளாக வெட்டி விற்றார்கள். பின்னால் வீடுகள் நெருக்கிக்கொண்டு வந்தன. இது நகராட்சி அல்ல. சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியின் நேரடி ஆளுகையில் உள்ள பகுதி. குடிநீர் முழுக்க முழுக்க நிலத்தடியிலிருந்து வருகிறது. வெளியூர்க் குழாய் எதுவும் கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்.

பிரெஞ்சுக்காரரான தொமினிக் லபோர்த் 1978இல் மலத்தின் வரலாறு குறித்து ஒரு புத்தகம் எழுதினார். 1539இல் பிரான்சில் பிறந்த இரண்டு அரசாணைகளை அவர் அருகருகே வைக்கிறார். ஒன்று, சட்ட ஆவணங்களை லத்தீனில் எழுதாமல் பிரெஞ்சில் எழுத வேண்டும் என்பது. மற்றது, பாரிஸ்வாசிகள் கழிவைத் தெருவில் கொட்டாமல் அவரவர் வீட்டிலேயே குழி கட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. மொழியைச் சுத்தம் செய்வதையும் தெருவைச் சுத்தம் செய்வதையும் ஒரே அரசின் ஒரே காரியமாக அவர் வாசிக்கிறார். இந்த வாசிப்பில் முழுக்க உடன்படாவிட்டாலும் ஒரு விஷயம் நமக்குப் பயன்படுகிறது. கழிவு அப்போதிலிருந்து தனிமனிதரின் சொந்த விவகாரமாக ஆக்கப்படுகிறது. லாஸ் ஓசோஸின் மனைகளைப் பார்த்தால் இந்தத் தர்க்கத்தின் கடைசிப் பேரப்பிள்ளை போலத்தான் தெரிகிறது. என் மனை, என் வீடு, என் டேங்க்.

டேங்கில் என்ன நடக்கிறது? கனமானது கீழே படிகிறது. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. நடுவில் இருக்கும் நீர் வெளியேறி, உறிஞ்சுகுழி வழியாக மணலுக்குள் இறங்குகிறது. மணல் நல்ல வடிகட்டி. கிருமிகளில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ‘எங்க டேங்க் நல்லாத்தானே இருக்கு’ என்று சொன்ன வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. நாற்றம் இல்லை, வழிதல் இல்லை, நோய் இல்லை.

சிக்கல் நைட்ரஜனில் இருக்கிறது. நாம் உண்ணும் புரதத்தில் உள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ. 14,000 பேர் என்றால் 50 டன்னுக்கு மேல். டேங்கிலிருந்து இது அம்மோனியாவாக வெளியே வருகிறது. காற்றோட்டமுள்ள மணலில் நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. மண்துகள்களும் பெரும்பாலும் அப்படியே. இரண்டும் ஒட்டாது. தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் நைட்ரேட்டும் கூடவே போகும். கிருமியைப் பிடித்துக்கொள்ளும் அதே மணல் நைட்ரேட்டைக் கைவிட்டுவிடுகிறது.

குடிநீரில் நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. குழந்தை நீலம் பாரிக்கும். இதனால்தான் நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். நைட்ரேட் கணக்கில் அது ஏறத்தாழ 45. இந்தியக் குடிநீர்த் தரத்திலும் இதே 45தான்.

பல ஏக்கருக்கு ஒரு வீடு என்றிருந்தால் மழைநீர் கலந்து இது நீர்த்துப் போயிருக்கும். குறுகலான மனைகளில் ஆயிரக்கணக்கான டேங்குகள் என்னும்போது கணக்கு மாறுகிறது. இங்கே ஒரு விசித்திரமான நிலைமை தோன்றுகிறது. எந்த ஒரு டேங்கையும் சுட்டிக்காட்டி இதுதான் குற்றவாளி என்று சொல்ல முடியாது. எல்லா டேங்கும் சேர்ந்தபோதுதான் குற்றம் நிகழ்கிறது. கழிவு தனிச்சொத்தாக இருக்கிறது, நிலத்தடி நீரோ பொதுவாக இருக்கிறது. லாஸ் ஓசோஸின் முப்பதாண்டுச் சண்டை இந்த முரண்பாட்டின் மேல்தான் நடந்தது. ஆனால் சண்டை போட்டவர்கள் இதன் பேரில் சண்டை போடவில்லை.

3

சுத்திகரிப்பு என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. அழுக்கு போகும், சுத்தம் வரும் என்று ஒற்றைக் காரியம் போல அது ஒலிக்கிறது. உண்மையில் அது படிப்படியானது, ஒவ்வொரு படியும் வேறொரு பொருளைக் குறி வைக்கிறது. முதல் நிலையில் திடப்பொருள் படிகிறது. இரண்டாம் நிலையில் காற்றூட்டி, நுண்ணுயிர்களை வளர்த்து, கரைந்திருக்கும் கரிமப் பொருளைத் தின்னச் செய்கிறார்கள். பல ஊர்களின் நிலையங்கள் இத்தோடு முடிந்துவிடுகின்றன. இதற்கு மேல் செய்வதைத்தான் உயர்நிலைச் சுத்திகரிப்பு என்கிறார்கள். லாஸ் ஓசோஸுக்குத் தேவைப்பட்டது அது.

நைட்ரஜனை நீரிலிருந்து எடுப்பது எப்படி? முதலில் காற்றூட்டி அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும். மணல் செய்த வேலைதான் இது. பிறகு அந்த நைட்ரேட்டைப் பிராணவாயுவே இல்லாத தொட்டிக்குள் அனுப்ப வேண்டும். அங்கே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிடக் காற்று இல்லை. ஆகவே நைட்ரேட்டிலிருக்கும் பிராணவாயுவைப் பிடுங்கிச் சுவாசிக்கின்றன. மிச்சமாகும் நைட்ரஜன் வாயுவாகி ஆகாயத்துக்குப் போய்விடுகிறது, நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் நான்கு பங்கு எதுவோ அதுவாக. இந்த இரண்டாவது வேலைக்கு நுண்ணுயிர்களுக்குத் தீனி வேண்டும். புதிதாக உள்ளே வரும் சாக்கடையே அந்தத் தீனி. அதனால் நைட்ரேட் ஆன நீரைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கு அனுப்பிச் சுற்றவிடுகிறார்கள். ஆழ்மணலில் இது ஏன் நடக்கவில்லை என்றால், அங்கே தீனி கிடையாது. செப்டிக் டேங்க் பாதி வேலையைச் செய்துவிட்டு மறு பாதியை நிலத்தடி நீரின் தலையில் கட்டிவிடுகிறது.

அதற்குப் பிறகு மெல்லிய வடிகட்டி, பிறகு புறஊதாக் கதிர். இப்போது இந்த நீரை என்ன செய்வது? கடலோர ஊர் ஒன்றின் விதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பக்கத்திலேயே கடல். குழாய் போட்டு உள்ளே விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எவருக்கும் தோன்றும். உலகத்தின் எத்தனையோ கடலோர ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடலோரத்தில் நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் கனமானது, ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கூடுதல். இதனால் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்க அதனால் முடியும். பாடன் கைபன் என்ற டச்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901இலும் தனித்தனியாகக் கண்டுசொன்ன கணக்கு இது. இதைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கிறது. மேலே 1 மீட்டர் நீரை இறைத்தால், கீழே உப்பு 40 மீட்டர் ஏறி வரக்கூடும்.

லாஸ் ஓசோஸில் இதுவே நடந்தது. மேல்படுகையில் நைட்ரேட் சேர்ந்ததால் குடிநீருக்காகக் கீழ்ப்படுகையை அதிகம் இறைத்தார்கள். கீழ்ப்படுகைக்குள் மேற்கிலிருந்து கடல் நுழைந்தது. மேலே நைட்ரேட், கீழே உப்பு, நடுவில் ஊர். இந்நிலையில் வீடுகளிலிருந்து நீரைத் திரட்டிக் கடலில் விட்டால், இதுவரை உறிஞ்சுகுழிகள் வழியாகப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நீரும் நின்றுபோகும். செப்டிக் டேங்குகள் அசுத்தப்படுத்தின என்பது எவ்வளவு உண்மையோ, நீரைத் திருப்பிக் கொடுத்தன என்பதும் அவ்வளவு உண்மை. டேங்கை ஒழிக்கிற எந்தத் திட்டமும் அது செய்துகொண்டிருந்த இந்த நல்ல காரியத்தை வேறு விதமாகச் செய்தாக வேண்டும். மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ், லண்டனின் 45 லட்சம் பேரின் கழிவைக் கொண்டு தேம்ஸ் நதியை மாசாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத ஒரு பொருளாதாரத்தைக் கிண்டல் செய்கிறார். அவருடைய கவலை நிலத்திலிருந்து எடுத்த சத்து நிலத்துக்குத் திரும்பவில்லை என்பது. லாஸ் ஓசோஸின் கவலை, நிலத்திலிருந்து எடுத்த தண்ணீர் நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது.

4

இனி சண்டைக்கு வருவோம்.

1983இல் மத்தியக் கடற்கரை வட்டார நீர்த்தர வாரியம் ஒரு தீர்மானம் போட்டது. குறிப்பிட்ட எல்லைக்குள் செப்டிக் டேங்குகளிலிருந்து கழிவுநீரை இறக்குவது 1988 நவம்பர் முதல் தடை. ஏற்கெனவே இருந்த வீடுகள் என்ன செய்யும்? அவை தொடர்ந்து இறக்கிக்கொண்டுதான் இருந்தன, சட்டத்துக்குப் புறம்பாக. புது வீடு மட்டும் கட்ட முடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கழிவறைக்குப் போவதே சட்டமீறலாக இருக்கும் நிலை. எல்லோரும் குற்றவாளி, யார் மேலும் வழக்கு இல்லை. அதிகாரத்துக்கு இது வசதியான ஏற்பாடு. எப்போது வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் தொடலாம். இந்த இடத்தில் நம்முடைய ஃபூக்கோ வாசிப்பு சரியாகவே பொருந்துகிறது.

கவுண்டி ஒரு வழக்கமான பாதாளச் சாக்கடைத் திட்டத்தை முன்வைத்தது. விலை கேட்டு ஊர் திகைத்தது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று அஞ்சினார்கள். 1998இல் ஊரார் வாக்களித்து, தங்களுக்கென்று ஒரு சேவை மாவட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். ஊராட்சி போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கவுண்டியிடமிருந்து திட்டம் அதன் கைக்கு வந்தது. இன்னும் நல்லதாக, மலிவாக, விரைவாக என்பதுதான் கோஷம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஆஸ்வால்ட் வளர்த்தெடுத்த குளமுறையை அவர்கள் முன்வைத்தார்கள். பாசியும் பாக்டீரியாவும் வேலை செய்யும் தொடர் குளங்கள். இயந்திரம் குறைவு, மின்சாரம் குறைவு, பார்வைக்குப் பூங்கா மாதிரி. யாருக்குத்தான் பிடிக்காது? படிக்கிறபோது எனக்கே பிடித்திருந்தது.

குளம் பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. கரிமப் பொருளை அது தின்னும், கிருமியைக் குறைக்கும். ஆனால் இந்த ஊரின் கேள்வி நைட்ரஜன். அதைக் குறித்த வரம்புக்குக் கீழே, ஆண்டு முழுவதும், நம்பகமாகக் கொண்டுவர முடியுமா என்பதில் வாரியம் திருப்தியடையவில்லை. குளத்துக்கு வேண்டிய பரப்பும் ஊர் நடுவில் சுலபமில்லை. குளங்கள் கைவிடப்பட்டன. கடைசியில் சேவை மாவட்டமும் ஏறத்தாழ அதே வழக்கமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் இடம் மட்டும் மாறவில்லை. குளப் பூங்காவுக்காகத் தேர்ந்த ஊர் நடு மனையிலேயே, விரிகுடாவுக்கு மேலே, இயந்திர நிலையம் என்றாயிற்று. காரணம் போய்விட்டது, இடம் நின்றுவிட்டது. நான் படித்த ஆவணங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஒரு முடிவு தன்னைப் பெற்ற காரணம் செத்த பிறகும் தானாக நடந்துகொண்டிருக்கும். இது அரசாங்கங்களின் தனிக்குணம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊர் நடுவே சாக்கடை நிலையமா என்று எதிர்ப்பு எழுந்தது. 2005இல் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது வேலையைத் தொடங்கினார்கள். செப்டம்பரில் மிகச் சிறிய வித்தியாசத்தில் மூன்று பிரதிநிதிகள் திருப்பி அழைக்கப்பட்டார்கள். புதியவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மாநில அரசு தருவதாக இருந்த 13.4 கோடி டாலர் கடனும் நின்றது. வாரியம் சேவை மாவட்டத்தின் மேல் 66 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஒப்பந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 ஆகஸ்டில் சேவை மாவட்டம் திவால் மனு கொடுத்தது.

அதே 2006இல்தான் வாரியம், குலுக்கல் போட்டது போலச் சுமார் 45 வீடுகளைத் தேர்ந்து, தனித்தனியாக நிறுத்தல் உத்தரவு அனுப்பத் தொடங்கியது. 1988இலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கத்தி சிலர் தலையில் மட்டும் இறங்கியது. பக்கத்து வீட்டிலும் அதே டேங்க், அதே மணல். பொதுவான குற்றத்துக்குத் தனிநபர் தண்டனை. கழிவைத் தனிச்சொத்தாகப் பார்த்த தர்க்கம் இங்கே ஒரு சுற்றுச் சுற்றித் தன் முகத்தைக் காட்டுகிறது.

இந்தக் கட்டத்தில் என் அனுதாபம் முழுக்க ஊரார் பக்கம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பின் சூட்டில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துபோயின. செலவை யார் தலையில் வைப்பது, நிலையத்தை எங்கே வைப்பது, எவருடைய சம்மதத்தோடு என்பவை ஒரு வகைக் கேள்விகள். அவை அரசியல் கேள்விகள், அவற்றில் ஊரார் கேட்டதில் பெரும்பகுதி நியாயம். நீரில் நைட்ரேட் இருக்கிறதா, அது எங்கிருந்து வருகிறது, கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பவை வேறு வகை. வாரியம் முதல் வகைக் கேள்வி கேட்டவர்களுக்கு இரண்டாம் வகைப் பதிலைக் கொடுத்தது. தண்ணீர் கெட்டிருக்கிறது, ஆகவே கட்டு. எதிர்த்தவர்களில் பலர் இரண்டாம் வகைக் கேள்விக்கு முதல் வகைப் பதிலைக் கொடுத்தார்கள். வாரியம் அநியாயம் செய்கிறது, ஆகவே தண்ணீர் கெடவில்லை. நைட்ரேட் இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் சேரவில்லை. பணி நிறுத்தப்பட்ட ஒவ்வொரு நாளும் அது மணலில் இறங்கிக்கொண்டே இருந்தது.

5

மக்கள் எதிர்ப்பு என்றால் இப்படித்தான் ஆகும் என்று யாராவது இதிலிருந்து முடிவு கட்டினால் அவருக்கு அதே மாநிலத்தின் வடக்கே உள்ள ஆர்க்காட்டா என்ற சிறு நகரை நான் காட்டுவேன். அதுவும் கடலோரம்தான், ஹம்போல்ட் விரிகுடாவின் கரை. 1970களில் விரிகுடாக்களில் கழிவுநீர் விடுவதை மாநிலம் கட்டுப்படுத்தியபோது, பல ஊர்களின் கழிவைச் சேர்த்து, விரிகுடாவுக்கு அடியில் குழாய் போட்டு, ஒரு பெரிய வட்டார நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விடும் திட்டம் வந்தது. ஆர்க்காட்டா மறுத்தது. பழைய குப்பைமேட்டை ஒட்டிய பாழ் நிலத்தில் சதுப்புகளை உண்டாக்கி, நாணலும் கோரையும் நீரைச் சுத்தம் செய்யட்டும் என்றது.

இதுவரை இரண்டு ஊர்க் கதையும் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்த காரியத்தில் இருக்கிறது. ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆசிரியர் ஜார்ஜ் ஆலன் ஏற்கெனவே கழிவுநீரும் கடல்நீரும் கலந்த குளங்களில் சால்மன் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். சூழல் பொறியியல் ஆசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட்டும் சேர்ந்தார். சதுப்பு வேலை செய்யும் என்று சொல்வதோடு நிற்காமல் 1979இல் சிறிய அளவில் சோதனைச் சதுப்புகளை அமைத்து, உள்ளே போவதென்ன, வெளியே வருவதென்ன என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அந்த எண்களை வைத்துக்கொண்டு மாநிலத்தோடு வாதாடினார்கள். 1986இல் முழு அமைப்பும் இயங்கத் தொடங்கியது. இன்று பறவை பார்க்க வருகிறவர்கள் அங்கே வந்து குவிகிறார்கள்.

ஆர்க்காட்டாவின் பதிலை லாஸ் ஓசோஸில் அப்படியே நட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே நீர் விரிகுடாவுக்குப் போகிறது. இங்கே குடிநீர்ப் படுகைக்குப் போகிறது. அங்கே களிமண் கரை, இங்கே மணல். சதுப்பு நல்லது, இயந்திரம் கெட்டது என்பதாக ஒரு எதிர்வை உருவாக்கிக்கொண்டு அதில் ஒன்றைத் தேர்வது வசதியான கருத்தியல் பழக்கம். ஆர்க்காட்டாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சதுப்பை அல்ல என்றே நினைக்கிறேன். அளவுகோலை அவர்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். நிபுணத்துவத்தை மறுப்பதற்குப் பதிலாக அதை ஊருக்குள் அழைத்து வந்து உட்கார வைத்தார்கள்.

6

லாஸ் ஓசோஸ் எப்படி முடிந்தது? 2006இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றித் திட்டத்தைக் கவுண்டிக்கே திருப்பிக் கொடுத்தது. 2007இல் சுமார் 12.7 கோடி டாலர் வரிமதிப்புக்குச் சொத்துக்காரர்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஒரு வீட்டுக்குச் சுமார் 25,000 டாலர். பெரும்பான்மையோர் சம்மதித்தார்கள். நீண்ட சண்டையில் களைத்துப் போனவர்களின் சம்மதம்.

இந்த வாக்கெடுப்பை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் அரசியல் சட்டப்படி இப்படியான வரிமதிப்பில் வாக்கு ஆளுக்கு ஒன்று கிடையாது. யார் எவ்வளவு கட்டப் போகிறாரோ அந்த அளவுக்கு அவர் வாக்கு கனக்கும். வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வாக்கே இல்லை. ஆனால் அவரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார், அவருடைய சிறுநீரும் அதே மணலில்தான் இறங்குகிறது, வரி உயர்ந்தால் அது வாடகையாக அவரிடம்தான் வந்து சேரும். நம் ஊரில் கழிவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாதி முதலில் வந்து நிற்கும், யார் குழிக்குள் இறங்குவது என்று. அங்கே சொத்து வந்து நிற்கிறது, யார் முடிவு செய்வது என்று. ஊரார் எதிர் அரசு என்று எழுதப்பட்ட கதையாடல்கள் எதிலும் இந்த வாடகைக்காரர் தென்படுவதில்லை. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் சேர்ந்தே அவரை விட்டுவிட்டார்கள்.

பிறகு இன்னொரு சுற்று விவாதம். வீட்டிலேயே தொட்டி வைத்துக் கசடை அங்கேயே நிறுத்தி, நீரை மட்டும் பம்ப் வைத்துச் சிறு குழாயில் அனுப்புவதா, இல்லை எல்லாமே சரிவில் ஓடும் பெரிய குழாயா? சிறு குழாய்க்குப் பள்ளம் ஆழமாக வேண்டாம். சூமாஷ் மக்களின் பழைய புதைவிடங்கள் உள்ள மண்ணில் அது சும்மா ஒரு சிக்கன விஷயமல்ல. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் புதுத் தொட்டி, புது பம்ப், அதைப் பார்த்துக்கொள்ள ஆள். கவுண்டி சரிவுக் குழாயைத் தேர்ந்தது. நிலையத்தை ஊருக்குக் கிழக்கே, கல்லறைத் தோட்டத்தின் பக்கம் தள்ளி வைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் 2005இல் எதிர்த்தவர்கள் வென்றார்கள். 2010இல் கடற்கரை ஆணையம் அனுமதித்தது. மத்திய வேளாண்மைத் துறையின் கிராமப்புறக் கடனும் மானியமும் வந்தன. 2012இல் தோண்டத் தொடங்கி, 2016இல் நிலையம் ஓடியது. மொத்தச் செலவு சுமார் 18 கோடி டாலர்.

நாளொன்றுக்குச் சுமார் 45 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் அது. மேலே சொன்ன மாதிரி காற்றூட்டி, நைட்ரஜனை வெளியேற்றி, வடிகட்டி, புறஊதாக் கதிரில் காட்டுகிறார்கள். கடலுக்குள் குழாய் கிடையாது. ஒரு பகுதி நீர் ஊருக்கு மேலே பிராடர்சன் என்ற மேட்டில் மணலுக்குள் இறக்கப்படுகிறது. அங்கிருந்து மெல்ல மேல்படுகைக்குத் திரும்புகிறது. இன்னொரு பகுதி பாசனத்துக்கு. இவ்வளவு நீரைக் கீழ்ப்படுகையிலிருந்து எடுக்காமல் விட முடிந்தால், உப்பைத் தள்ளி வைக்கும் அந்த நன்னீர் மட்டம் மெல்ல உயரும். இதற்கான திட்டம் 2015இல் நீதிமன்றம் வழியாக ஒப்புக்கொள்ளப்பட்டது. படுகைக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட நைட்ரேட் ஒரே நாளில் போகாது. நிலத்தடி நீர் நடக்கிற வேகம் அப்படி.

இந்த நிலையம் வந்திருக்க வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இது வந்த விதம் சரி என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற மொழி நம்மிடம் இல்லை. அரசு ஒரு திட்டத்தோடு வருகிறபோது நாம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான், நீ யார் சொல்வதற்கு? அது கேட்க வேண்டிய கேள்வி. அதோடு இன்னும் மூன்றைக் கேட்க வேண்டும், தனித்தனியாக, ஒன்றின் பதிலை மற்றதற்குப் போடாமல். தண்ணீரில் என்ன இருக்கிறது, அளந்தது யார், நாமே ஒருமுறை அளந்து பார்க்கலாமா? சுத்தமான பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும், யாருடைய கிணற்றுக்கு? செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு, பங்கு கட்டுகிறவர் எல்லோரும் முடிவு செய்கிற இடத்தில் இருக்கிறாரா?

முதல் கேள்விக்கு ஒரு குப்பி நீரும் ஒரு பரிசோதனைக்கூடமும் போதும். இரண்டாவதற்கு மண்ணைத் தெரிந்தவர்கள் வேண்டும், ஊரிலேயே இருப்பார்கள். மூன்றாவதற்கு மட்டும்தான் ஊர்வலம் தேவைப்படும். லாஸ் ஓசோஸில் மூன்றுக்கும் ஊர்வலம் போனார்கள்.